நர்ஸ் கைசர் ஜஹானின் புதன்கிழமைகள்

அடி அண்ணாமலை ஊராட்சி அலுவலகத்துக்கு டி.வி. பெட்டி வந்தது 1986ஆம் ஆண்டு. பாட்டு, படம் என்றால் ஊரே திரண்டு வந்து உட்காரும். புதன்கிழமை சாயங்காலம் நலவாழ்வு நிகழ்ச்சி தொடங்கியதும் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். போகிறபோது கைசர் ஜஹானை முறைத்துவிட்டுத்தான் போவார்கள். அவள் துணை சுகாதார நிலையத்து நர்ஸ். ஆட்களைக் கூட்டி அந்த நிகழ்ச்சியைக் காட்டுவது அவள் வேலை.

பகை பத்து வருடப் பழசு. நெருக்கடி நிலைக் காலத்தில், குடும்பக் கட்டுப்பாட்டு முகாமுக்கு ஆள் பிடித்து வராவிட்டால் சம்பளம் கிடையாது என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். மல்லாட்டைக் கடலை பயிரிடும் வேடியப்பனுக்கு ஒரே மகன். அது தெரிந்தும் வேடியப்பனை ஜீப்பில் ஏற்றி ஆபரேஷனுக்கு அனுப்பினாள். அடுத்த கோடையில் அந்தப் பையன் வாந்திபேதியில் இரண்டே நாளில் செத்துப்போனான்.

ஒரு புதன்கிழமை, திரையில் வந்த டாக்டர் உப்பும் சர்க்கரையும் போட்டுத் தண்ணீர் கலக்கிக் காட்டினார். பேதியாகும் குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருப்பதுதான் உயிரைக் குடிக்கும் என்றார். வேடியப்பன் எழுந்து வெளியே போனான். ஆன்டெனா குழாயைப் பிடுங்கிச் சாய்த்தான். படம் புள்ளி புள்ளியாகிப் போயிற்று. திரும்பி வந்து அவள் எதிரே நின்றான்.

"எம் புள்ள தண்ணி தண்ணினு கேட்டுச் செத்தான். அப்ப எங்க போச்சி இந்தப் பொட்டி? நீ எங்க போன?"

பையன் செத்த அந்த வருடம் ஊரில் ஒரு வீடுகூட அவளுக்குக் கதவு திறக்கவில்லை. அதைச் சொல்ல நாக்கு துடித்தது. உத்தரவு போட்டவனை யாரும் கேட்கவில்லையே என்று ஆத்திரம் பொங்கியது. எழுந்துபோய்ப் பெட்டியை அணைத்தாள்.

மறுநாள் காலையில் வேடியப்பன் மனைவி பாஞ்சாலை சுகாதார நிலையத்து வாசலில் வந்து நின்றாள்.

"பொட்டி சொன்னது பொய்னு சொல்லுங்க நர்சம்மா. தண்ணி குடுத்தா பேதி ஜாஸ்தி ஆவும்னாங்க. நான்தான் சொம்ப ஒளிச்சி வெச்சேன்."

ஒரு பொய் போதும். அது கைசர் ஜஹானுக்கு வாயில் வரவில்லை.

"பொய் இல்ல பாஞ்சாலை. எனக்கே அப்ப தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் உங்க வீட்டுக்கு வர எனக்கு ஏது மூஞ்சி?"

பாஞ்சாலை அவள் காலடியில் காறித் துப்பிவிட்டுப் போனாள்.

அதன்பிறகு நிலையத்துப் பூட்டில் சாணி அடைத்திருக்கும். அவள் சைக்கிளில் காற்று இருக்காது. இரண்டு முறை மாறுதல் கேட்டாள், கிடைக்கவில்லை. புதன்கிழமை தவறாமல் பெட்டியைப் போட்டாள். சில நாள் அவளும் காலி நாற்காலிகளும் மட்டும்தான்.

அதிலிருந்து மூன்றாவது கோடையில் மறுபடி பேதி பரவியது. வேடியப்பனின் தம்பி மகளுக்குக் கண் செருகுகிறது என்று கேள்விப்பட்டு ஓடினாள். அங்கே பாஞ்சாலை குழந்தையை மடியில் கிடத்தி, உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் புகட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"எங்களுக்குத் தெரியும். நீங்க வெளிய போங்க."

கைசர் ஜஹான் வாசற்படியிலேயே நின்று பார்த்தாள். குழந்தை விழுங்கியது, சிணுங்கி இன்னும் கேட்டது. அவள் திரும்பி நடந்தாள்.

அந்த வருடக் கடைசியில் திருவண்ணாமலைக்கே மாறுதல் வந்தது. ஊரில் யாரும் வழியனுப்ப வரவில்லை. அவளும் யாரிடமும் சொல்லிக்கொண்டு போகவில்லை.