யாருக்குப் பாக்கி என்று கேட்டவர்

கடந்த செவ்வாய்க்கிழமை காலை, மைசூர் விஜயநகர் வீட்டில் நான் செய்தித்தாளைப் பிரித்தபோது தொலைபேசி அடித்தது. மாதேஸ்வரன் அவர்களின் மகள் சௌம்யா பேசினாள்.

"ஆன்டி, அப்பா தீர்ந்துகிட்டாங்க."

இறந்துவிட்டார் என்பதற்குக் கன்னடத்தில் சொல்வதை அப்படியே தமிழாக்கியிருந்தாள். மைசூரில் வளர்ந்த பிள்ளை. வேறொரு நாளாக இருந்தால் திருத்தியிருப்பேன். அன்று, "எங்கேம்மா இருந்தார்?" என்று மட்டும் கேட்டேன்.

"ஊர்லதான் ஆன்டி. மார்டள்ளில. காலைல எந்திரிக்கவே இல்ல. மூணு மணிக்கு எடுக்கறாங்க."

மைசூரை அடுத்த ஒரு நகராட்சியின் கணக்குப் பிரிவில் நானும் அவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். ஊரின் பெயர் வேண்டாம். அன்றிருந்தவர்கள் யாரும் இன்று அங்கே இல்லை. நான் கண்காணிப்பாளர். கான்வென்டில் கன்னியாஸ்திரீகளிடம் எழுதப் பழகிய கை என்னுடையது. நான் எழுதிய ரொக்கப் புத்தகத்தில் அடித்தல் திருத்தல் இராது. மார்ச் கடைசியில் கையிருப்பை எழுதி அடிக்கோடு போடும்போது முதுகு தானாக நிமிரும்.

அரசாங்கம் எங்களை அக்ரூவல் என்ற புதிய கணக்கு முறைக்கு மாறச் சொன்ன வருடம் அவர் கணக்கராக வந்தார். தமிழ் பேசும் மார்டள்ளி கிராமத்து விவசாயக் குடும்பம். வந்த அன்றே என் மேசையருகில் நின்று, "பாக்கி எவ்வளவுங்க மேடம்?" என்றார். கையிருப்பைப் பைசா வரைக்கும் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அது நம்ம கையில நிக்கற பாக்கிங்க. நாம யாருக்கெல்லாம் பாக்கின்னு கேட்டனுங்க."

தமிழில் மிச்சமும் பாக்கிதான், கொடுக்க வேண்டியதும் பாக்கிதான். அந்தச் சொல்லில் பாதியை மட்டுமே இத்தனை வருடம் எழுதியிருக்கிறோம் என்று எனக்கு அன்று தோன்றவில்லை. இந்த மனிதருக்குத் தமிழ் சரியாக வரவில்லை என்றுதான் தோன்றியது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய முறையில் பணம் கைமாறினால்தான் கணக்கு. மார்ச்சில் வேலை முடித்தவரின் பில்லை ஏப்ரல் வரை அலமாரியில் வைத்திருந்தால், அந்த வருடம் மிச்சம் காட்டலாம். எல்லோரும் செய்தார்கள், நானும் செய்தேன். புதிய முறையில் வேலை நடந்த வருடமே அது செலவு. பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்க வேண்டியது என்று எழுத வேண்டும். நகராட்சிக்குச் சொந்தமான தொட்டி, தெருவிளக்கு, சாக்கடை எல்லாவற்றையும் மதிப்புப் போட்டு, வருடா வருடம் தேய்மானம் கழிக்க வேண்டும்.

அவர் அளவுநாடாவோடு தெருத்தெருவாகப் போய், மோரி என்று ஊரில் சொல்லும் சாக்கடைகளை அளந்தார். டீக்கடையில் கேலி செய்தார்கள். "ஏன் சார், மோரிக்கு ஜாதகம் எழுதறீங்களா?"

"ஆமாங்க," என்பார் சிரிக்காமல். "ஆயுசு எத்தனைன்னு போடோணுமுங்க."

பாப்பாத்தி என்று ஒரு துப்புரவுத் தொழிலாளி. ஓய்வு பெற்றபின் கிராஜுவிட்டிப் பணம் கேட்டு வாராவாரம் வருவார். "பட்ஜெட்ல இடமில்லம்மா, அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று நானே பலமுறை அனுப்பியிருக்கிறேன். மாதேஸ்வரன் அவரை உட்கார வைத்துப் பணிப்பதிவேட்டைப் பார்த்தார். பிறகு வேலையில் இருந்த, ஓய்வு பெற்ற துப்புரவுத் தொழிலாளிகள் அத்தனை பேருக்கும் சேர வேண்டியதைப் போட்டு ஒரு பட்டியல் தயாரித்தார்.

"அவங்க தெருக்கூட்டுன வருசமே இது செலவாயிருச்சுங்க மேடம். நாம எழுதாம விட்டோமுங்க, அவ்வளவுதான்."

அந்தப் பட்டியல் கணக்கில் ஒரு வரியாகச் சேர்ந்ததும், எப்போதும் மிச்சம் காட்டிய எங்கள் நகராட்சி பெரும் பற்றாக்குறையில் நின்றது. மேலதிகாரி அந்த வரியை எடுக்கச் சொன்னார். மாதேஸ்வரன் மறுத்தார். அதிகாரி என்னை அழைத்தார். பணிப்பதிவேடுகள் நம்பத்தக்க நிலையில் இல்லை என்று ஒரு குறிப்பில் கண்காணிப்பாளர் கையெழுத்திட்டால் போதும், பட்டியல் தானாக விழுந்துவிடும்.

பதிவேடுகள் நன்றாகவே இருந்தன. அவற்றைப் பராமரித்ததே நான்தான். ஆனால் அந்த வரி நின்றால், நான் அடிக்கோடிட்ட ஒவ்வொரு மார்ச்சும் பொய்யாகிவிடும். கையெழுத்துப் போட்டேன்.

மாதேஸ்வரன் குறிப்பைப் படித்துவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "கையெழுத்து எப்பவும் போல அழகா இருக்குதுங்க மேடம்," என்றார். அந்த மாதமே அவரைச் சாமராஜநகருக்கு மாற்றினார்கள்.

பாப்பாத்தி, பணம் வராமலே போய்ச் சேர்ந்தார். பின்னால் வந்த தணிக்கையாளர்கள் பதிவேடுகளைப் பார்த்துவிட்டு அந்தப் பட்டியலை அப்படியே ஏற்றார்கள். மற்றவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்தது. அதற்குள் நான் ஓய்வு பெற்றிருந்தேன்.

என் கணவர் காலமான வருடம் ஒருமுறை பஸ் ஏறிச் சாமராஜநகர் போனேன். மாதேஸ்வரனிடம் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். காபி கொடுத்தார். மகளின் படிப்பைப் பற்றிப் பேசினார். "தனியா இருக்கீங்க, ஒடம்பப் பாத்துக்கோங்க மேடம்" என்றார். வாய் வரை வந்தது. யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழகாத வாய். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டேன். பஸ் நிலையம் வரை கூடவே நடந்து வந்து, ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

செவ்வாய் மதியம் மார்டள்ளி போய்ச் சேர்ந்தபோது வாசலில் கூட்டம். எங்கள் பழைய நகராட்சியிலிருந்து துப்புரவுப் பெண்கள் டெம்போ பிடித்து வந்திருந்தார்கள். எல்லோருக்கும் வயதாகியிருந்தது. ஒருத்தி என்னை உற்றுப் பார்த்தாள்.

"நீங்களும் அந்த ஆபீஸ்தானேம்மா? இந்தப் புண்ணியவான்தான் எங்க பேரெல்லாம் எழுதுனாரு."

பேசாமல் தலையாட்டியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

"எழுதினது அவர்," என்றேன். "அதை எடுக்கறதுக்குக் கையெழுத்துப் போட்டது நான். பாப்பாத்திக்குப் பணம் வராமப் போனதுக்கு நானும் காரணம்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். என்னைச் சமாதானப்படுத்த வேண்டிய கடமை அவளுக்கு இல்லை. பிறகு பக்கத்திலிருந்தவளைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லி எனக்கு வழிவிட்டாள்.

"போங்கம்மா. போய் மூஞ்சியப் பாத்துக்குங்க. எடுக்கப் போறாங்க."

உள்ளே போனேன். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். நெற்றியில் திருநீறு. சௌம்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாதேஸ்வரன் அவர்களே, உங்களிடம் சொல்ல வேண்டியதை வாசலில், அவர்களிடம் சொல்லிவிட்டு வந்தேன். நீங்கள் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். போய் வாருங்கள்.