எதிர் வீட்டுத் தொடர்கதை

மருந்து வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் பதினொரு பேர். பக்கத்தில் ஒருவர் புது வாரப் பத்திரிகையைப் பிரித்தார். அச்சு மை வாசனை பட்டதும் எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

செங்கல்பட்டில் எங்கள் எதிர் வீட்டுக்காரர் எழுத்தாளர். அவருடைய தொடர்கதையில் வரும் இருமல்காரக் குமாஸ்தா என் அப்பாதான் என்பது தெருவுக்கே தெரியும். கதையில் குமாஸ்தா படுத்த படுக்கையானார். அதே வாரம் அப்பாவையும் நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அம்மா என்னை இழுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனாள்.

“அண்ணாத்த, அந்தாள சாவடிச்சிடாதீங்க.”

“அது கதைம்மா. அவன் செத்தாத்தான் மேல நகரும்.”

“உங்களுக்குக் கதை. எனக்கு வூட்டுக்காரரு.”

அடுத்த இதழில் குமாஸ்தா எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். அம்மா அதை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய் அப்பாவுக்குப் படித்துக் காட்டினாள்.

“நான் எங்கடி இப்பிடி இருமறேன்?” என்று அப்பா கோபித்துக்கொண்டார். அத்தனை நாளில் அன்றுதான் அம்மா சிரித்தாள்.

அவர் எழுதிய பதினான்கு நாவல்களில் அதுதான் மட்டம். குமாஸ்தா பிழைத்த பிறகு கதை நகரவே இல்லை. எங்கள் ஊர் எழுத்தாளர்களில் யாரைப் பிடிக்கும் என்று கேட்பவர்களிடம் நான் அவரைத்தான் சொல்கிறேன். எந்த நாவல் என்றால் அதைத்தான் சொல்கிறேன்.