வாஷராகிப் போன அஞ்சு பைசா

போன வாரம் கோவை கணபதியில் ஒரு ஹார்டுவேர் கடை. குழாய்க்கு வாஷர் வாங்கிவிட்டு, சில்லறையோடு பையில் கிடந்த ஐம்பது பைசாவையும் சேர்த்து நீட்டினேன். கடைக்காரர் அதைத் தொடக்கூட இல்லை. "கோவிச்சுக்காதீங்க சார், இது செல்லாதுங்க" என்றார். சட்டப்படி செல்லும் என்று வாதாடலாம்தான். இவ்வளவு மரியாதையாக மறுக்கிறவரிடம் சண்டை போட எனக்கு இன்றுவரை வரவில்லை. கடை முழுக்க எண்ணெய் பூசிய இரும்பு வாசனை. அது மூக்கில் பட்டால் எனக்கு உடனே இருபத்திரண்டு வயதாகிவிடும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஒரு பம்புசெட் பட்டறையில் ஃபிட்டர் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தேன். பாதி நாள் டிரில்லிங் மெஷின் முன்னால்தான் நின்றேன். அப்போதே கோவையில் அஞ்சு பைசாவைக் கடைகளில் வாங்க மாட்டார்கள். டீக்கடைக்காரரிடம் ஒரு டப்பா நிறையச் சேர்ந்து கிடந்ததை எங்கள் முதலாளி வாங்கிவந்து என் முன்னால் கொட்டினார்.

"ஏங்கண்ணு, வாஷர் ஒண்ணு அம்பது பைசா. இது அஞ்சு பைசா. நடுவுல ஓட்டை போடு. கவர்மெண்டே நமக்கு வாஷர் அடிச்சுக் குடுக்குது, வேண்டாங்கலாமா?"

போட்டேன். அசோகச் சிங்கங்களின் வயிற்றில் நாள் முழுக்க ஓட்டை போட்டேன். கூச்சமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. பெரிய கெட்டிக்காரத்தனம் என்றுதான் தோன்றியது.

சில்லறைக் காசுகளை நிறுத்திவிடலாமா என்று அந்தச் சமயம் பேப்பரில் விவாதம் ஓடியது. டீக்கடையில் எங்கள் பட்டறை முதலாளி கொதித்துப்போவார். "அது ஏழைசனத்தோட காசுங்க. அதைப் போயி நிறுத்தறதுங்களா?" பெஞ்சில் இருந்தவர்கள் நெகிழ்ந்துபோவார்கள். நாட்டின் கடைசிக் காசுக்காக அப்படி உருகிய ஒரே தொழிலதிபர் அவர்தான். பட்ஜெட் போடுகிறவர்கள் அவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.

ஒருநாள் அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் எங்கள் பம்பு நின்றுவிட்டது என்று என்னை அனுப்பினார். கணவர் இறந்தபின் தனியாக விவசாயம் பார்த்துவந்த ஒரு அக்கா. நாலு நாளாகத் தண்ணீரில்லாமல் சின்ன வெங்காயத் தாளெல்லாம் மஞ்சளித்துக் கிடந்தது. பம்பைக் கழற்றினால், நான் ஓட்டை போட்ட காசு! அலுமினியம் நசுங்கி, நட்டு தளர்ந்து, பம்பு ஆடி, பைப் ஜாயின்ட் உடைந்திருந்தது. அக்கா காசை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, இது அஞ்சு பைசாவாட்ட இருக்குதுங்களே? ஆருங்க இப்படிப் பண்ணுனது?"

"தெரியலீங்கக்கா. பம்பை மாட்ட வந்த ஆளு பண்ணிப்போட்டான்போல இருக்குதுங்க."

"நாசமாப் போறவன்! செல்லாத காசுன்னா எங்க தலையிலதான் கட்டோணுங்களா? என்ற வெங்காயம் போச்சே!" என்றவர், எனக்கு மோர் கொண்டுவந்தார். "நீ நல்லா இருக்கோணும் கண்ணு."

குடித்தேன். வெட்கங்கெட்டவன், இரண்டாவது டம்ளரையும் வாங்கிக் குடித்தேன். வெங்காயத்தில் பாதிகூடத் தேறவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். இத்தனை வருடமாகியும் அந்த மோர் மட்டும் மறக்கவில்லை.

அஞ்சு பைசாவை அரசாங்கமே எடுத்துவிட்டது. பட்டறை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்துவிட்டது. நான்தான் ஓட்டை போட்டவன் என்று சொல்லிவிடுகிற தைரியம் இந்த வயதில் ஒருவழியாக வந்து, அந்த ஹார்டுவேர் கடையிலிருந்து நேரே அன்னூர் பஸ் ஏறினேன். தோட்டம் முழுக்க வீட்டுமனைக்குச் சைட் கல் நட்டிருந்தார்கள். கிணற்றைக்கூட மூடியாயிற்று. சைட் ஆபீசில் இருந்தவரிடம் அந்த அக்காவைப் பற்றி விசாரித்தேன். தெரியாதுங்க என்றவர், கார்னர் சைட் ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.