இறக்காமத்துக்கு முதல் பஸ்

எங்கள் பக்கத்தில் ரயில் கிடையாது. தண்டவாளம் மட்டக்களப்போடு நின்றுவிடும். அதற்குத் தெற்கே இருந்த நாங்கள் கல்யாணத்துக்கும் மௌத்துக்கும் பஸ்ஸைத்தான் நம்பியிருந்தோம். அதனால் கல்முனையிலிருந்து சம்மாந்துறை வழியாக இறக்காமத்துக்கு நேர் பஸ் விடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, கப்பலே வரப்போவதுபோல ஊர் கதைத்தது. எழுபதுகள் முடியும் காலம் அது. எங்கள் வீட்டில் அந்தச் செய்தியைக் கேட்டு அடுப்படியிலிருந்து எழுந்து வந்தவர் உம்மா. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "போன அண்டைக்கே திரும்புமா?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. எங்கள் ஊர்களில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். வீடு பெண்பிள்ளைக்கு. அப்படி மகளான எனக்கு வீடும் கிடைத்தது, உம்மாவும் கிடைத்தார், கூடவே அவருடைய வாயும் கிடைத்தது. என் தம்பியோ இறக்காமத்தில் கல்யாணம் முடித்து அங்கே போய்விட்டான். வாப்பா மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு உம்மா பொத்திப் பொத்தி வளர்த்த பிள்ளை அவன். அங்கே யானை வந்து வேளாண்மையை மிதிக்காமல் இரவில் வயலுக்குக் காவல் போக வேண்டும். பெருநாளைக்கு வந்தால்கூட, போட்ட சாப்பாடு செரிக்க முன்னர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

உம்மா அவன் வீட்டுக்குப் போகலாம்தானே என்று நீங்கள் கேட்கலாம். கல்யாணத்தன்று ஒரேயொரு தடவை போனார். அன்றைக்குத்தான் வினையும் வந்தது. பெண்ணுக்குச் சொந்தக்காரி ஒருத்தி, உம்மா அறைக்குள் இருப்பது தெரியாமல், வாசலில் நின்று யாரிடமோ சொன்னாள்: "மாப்புளட உம்மா இஞ்ச வந்து நாள்கணக்கா குந்தப் பாப்பா. இடம் குடுக்கப்படாது." உம்மா அதைக் கேட்டுவிட்டார். தந்த தேத்தண்ணியைக் கடைசி மிடறு வரை குடித்துவிட்டு எழுந்தார். திரும்பி வரும்போது, கல்யாணத்துக்கென்று பிடித்த டிரக்டர் பெட்டியில் இருந்துகொண்டு என் காதுக்குள் சொன்னார்: "அல்லாஹ் மேல சத்தியம், அந்த ஊட்டுல ஒரு இரவும் நான் தல சாய்க்க மாட்டன்."

சொன்னால் சொன்னதுதான். என் பிடிவாதத்தைப் பற்றி என்னைக் கட்டிய மாப்பிள்ளை ஊரெல்லாம் சொல்லித் திரிவார். நான் உம்மாவின் கால் தூசும் பெறமாட்டேன். அந்தக் காலத்தில் இறக்காமத்துக்குப் போனால் அன்றே திரும்ப வழியில்லை. சம்மாந்துறைக்கு அப்பால் டிரக்டர் அகப்பட்டால் உண்டு, இல்லாவிட்டால் நடைதான். பொழுது சாயும்போது யானை றோட்டுக்கு இறங்கிவிடும். தங்காமல் போய்வர முடியாது. உம்மா தங்கவும் மாட்டார். இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. மகன் எந்தக் கிணற்றில் குளிக்கிறான், யார் அவனுக்குச் சோறு போடுகிறார்கள் என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பார். எனக்கு மட்டும் என்ன வெற்றிலையில் மை போட்டா தெரியும்?

காலையில் போகும் பஸ் மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு திரும்பிவிடும் என்று மாப்பிள்ளை விசாரித்து வந்து சொன்னார். நெல் ஏற்றப் போன வியாபாரி ஒருவரிடம் தம்பிக்குச் சொல்லியனுப்பினோம். முதல் நாளே போவது என்று உம்மா நின்றார். அன்று விடியும் முன்னமே பாரை மீன் வாங்கிக் கறியாக்கி, சட்டியின் வாயை வாழை இலையால் கட்டி, கல்முனையில் பஸ் ஏறி, அதை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்தார். குளத்து மீன் தின்று தின்று பிள்ளையின் நாக்கு செத்துப்போயிருக்கும் என்பது அவருடைய முடிவு.

பஸ்ஸைக் கல்யாண மாப்பிள்ளை மாதிரிச் சோடித்திருந்தார்கள். முன்னால் குருத்தோலை, கண்ணாடியைச் சுற்றிக் கடதாசிப் பூமாலை. சாரதி புதுச்சட்டை போட்டு, மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு இருந்தார். மௌலவி துஆ ஓதினார், நாங்கள் ஆமீன் சொன்னோம், பஸ் புறப்பட்டது. இறக்காமத்தில் எந்த வேலையும் இல்லாத அரைவாசி ஊர் உள்ளே இருந்தது. சும்மா போய்ப் பார்க்க வந்தவர்கள்.

சாய்ந்தமருதில் சர்பத் தந்தார்கள். குடித்தோம். கொஞ்சத் தூரம் போனதும் இன்னொரு கூட்டம் சர்பத்தோடு மறித்தது. அதையும் குடித்தோம். காரைதீவுச் சந்தியில் சாரதிக்கு மாலை போட்டார்கள். அவர் இறங்கி நின்று படமும் எடுத்துக்கொண்டார். முதலில் உம்மா எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் வந்தார். வெயில் ஏற ஏறச் சிரிப்புக் குறைந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சூரியனைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். பஸ்ஸை நான்தான் பிடித்து வைத்திருக்கிறேன் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

சம்மாந்துறையில் மேடையே போட்டிருந்தார்கள். ஒரு பெரிய மனிதர் ஒலிபெருக்கியில் பேசத் தொடங்கினார். றோட்டைப் பற்றிப் பேசினார், பாலத்தைப் பற்றிப் பேசினார், இனி வரப்போகும் தண்ணீர்க் குழாயைப் பற்றியும் பேசினார். லுஹருக்குப் பாங்கு சொன்னபோது நிறுத்தி, தொழுதுவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். அப்போதுதான் உம்மா எழுந்து, சட்டியை என் மடியில் வைத்துவிட்டு, ஜன்னலால் தலையை நீட்டினார்.

"சேர்! கதைச்சது காணும், முடிங்க. என்ட மகன் காலையில இருந்து சந்தியில காத்து நிக்கான்!"

எனக்கு இருக்கைக்குக் கீழே போய்விடலாம் போலிருந்தது. பிறகு முழுக் கூட்டமும் சிரித்தது, அந்தப் பெரிய மனிதரும் சேர்ந்து சிரித்தார். "உம்மா சொன்னாச் சரிதான்" என்றார். அதற்குப் பிறகும் இரண்டு விஷயம் பேசித்தான் இறங்கினார்.

வீரமுனையில் கோயிலடியில் நிறுத்தி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, பஸ்ஸின் நெற்றிக்குச் சந்தனம் பூசினார்கள். ஜன்னலால் மோர் தந்த ஒரு பெண் உம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "எங்கயம்மா போறீங்க?" என்று கேட்டாள். விஷயத்தை உம்மா சொன்னார். அவள் மோர்ச் செம்போடு முன்னால் ஓடிப்போய்ச் சாரதியிடம், "அண்ணே, காணும், கெதியா எடுங்க. தாய் பிள்ளையப் பாக்கப் போறா" என்று கத்தினாள். அவளை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை. அவள் நன்றாக இருக்கட்டும்.

இறக்காமம் போய்ச் சேர்ந்தபோது பின்னேர அஸர் தொழுகை நெருங்கிவிட்டது. சாரதி எஞ்சினைக்கூட நிறுத்தவில்லை. "யானை இறங்க முதல் இந்த றோட்டத் தாண்டணும். திருப்பின உடனே எடுப்பன்" என்றார். தம்பி வெள்ளைச் சட்டையோடு சந்தியில் நின்றான், பக்கத்தில் அவன் பெண்சாதி. வெயிலில் நின்று நின்று இரண்டு பேரும் கறுத்துப்போயிருந்தார்கள். வீடு குளக்கட்டுக்கு அந்தப் பக்கம். போய்த் திரும்ப நேரமில்லை. உம்மா இறங்கி, மகனின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாமி, நிண்டு போங்களேன். சோறு கறியெல்லாம் ஆக்கி வெச்சிரிக்கன்" என்றாள் மருமகள்.

"இல்ல மகள். நான் போகணும்."

கறிச்சட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு உம்மா திரும்ப ஏறினார். நானும் பின்னால் ஏறினேன். பஸ் திரும்பி நின்று ஹோர்ன் அடித்தது. அப்போது மருமகள் தம்பியின் முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

"நீங்களும் ஏறுங்க. உம்மாவோட போய் நாலு நாள் நிண்டுட்டு வாங்க. காவலுக்கு என்ட வாப்பா போவார்."

"மாத்திக் கட்டச் சாரன்கூட எடுக்கல்லயே" என்றான் அவன்.

"ராத்தாட ஊட்ட சாரனா இல்ல? ஏறுங்க" என்றாள் என்னைக் காட்டி.

ஏறினான். உம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். உம்மா இரண்டு வருஷமாகக் கேட்டது இதைவிட வேறென்ன? ஆனால் அவர் மகனைப் பார்க்கவில்லை. சந்தியில் சட்டியோடு தனியாக நின்றவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எங்களுக்குத் தெரியாமல் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பஸ் நகர்ந்தது.

"நிப்பாட்டுங்க!" என்றார் உம்மா.

"என்னம்மா, என்னத்தையும் மறந்திட்டீங்களா?" என்று சாரதி கேட்டார்.

"ஓம். இறங்க மறந்திட்டன்."

நான் அவர் கையைப் பிடித்தேன். "உம்மா, இரவு நிக்க வேணும். சத்தியம் பண்ணினீங்களே?"

"நோம்பு புடிச்சி அதக் கழிக்கிறன் புள்ள. அவள் அவனத் தூக்கி என்ட கையில தந்திட்டாள். நான் இன்னும் ஆரோ சொன்ன கதையப் புடிச்சிட்டு நிக்கவா?"

மகனையும் எழுப்பிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். நான் மட்டும் பஸ்ஸில் இருந்தேன். அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான். அந்த பஸ் நேரத்துக்குப் போயிருந்தால் உம்மா வீட்டைப் பார்த்து, கறியைக் கொடுத்து, சத்தியம் கெடாமல் அன்றே திரும்பியிருப்பார், கடைசி வரை அப்படியே போய்வந்திருப்பார். ஆகவே அந்தச் சர்பத்துக்கும் மாலைக்கும், முடியாமல் முடிந்த அந்தப் பேச்சுக்கும் நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

சத்தியத்தை முறித்ததற்காக உம்மா மூன்று நோன்பு பிடித்தார். மூன்றையும் அந்த வீட்டில் இருந்துகொண்டே பிடித்தார். விடியமுன் ஸஹருக்கு எழுப்பிச் சோறு போட்டவள் மருமகள்.