குக்ரி கத்தியைத் திருப்பிக் கொடுக்கப் போனது

எந்தப் பொருளை வாங்கினாலும் அதற்கென்று கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்குவது என் வழக்கம். வாங்கிய இடம், விற்றவர் சொன்ன குணம், பிறகு நான் கண்ட குணம் என்று மூன்று தலைப்புகள் போடுவேன். குடை, இஸ்திரிப்பெட்டி, சுடுதண்ணிப் போத்தல் எல்லாம் அதில் இருக்கின்றன. இரண்டாவது தலைப்புக்கும் மூன்றாவது தலைப்புக்கும் பெரும்பாலும் தொடர்பு இருப்பதில்லை. என் மனைவி அந்தக் கொப்பியைக் குற்றப்பத்திரிகை என்பாள்.

குக்ரி கத்தி அதில் பத்தொன்பதாம் பக்கம்.

போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் வாடகைக்கு இருந்தோம். பின்வளவில் ஒரு ஈரப்பலா மரம். அதன் கிளையொன்று குசினிக் கூரைக்கு மேலே நீண்டு, காற்றடித்தால் அஸ்பெஸ்டஸ் சீற்றில் உரசும், காற்றடிக்காத நாட்களில் எலிகளுக்குப் பாலமாக இருக்கும். அதை வெட்ட வேண்டும் என்று கந்தோரில் சொன்னபோது, பக்கத்து மேசைக்காரர் கோடாலி வேண்டாம், மரம் அரியும் வாள் வேண்டாம், ஒரு குக்ரி போதும் என்றார். லீவு கிடைத்தால் மலைக்காடுகளில் கூடாரமடித்துத் தங்குபவர் அவர். நேபாளத்து வளைந்த கத்தி, பாரம் முழுக்க முன்பக்கம், நாம் வீச வேண்டியதில்லை, தூக்கிவிட்டால் அதுவே விழுந்து வெட்டும் என்றார். மலிவானதை வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றையும் சொன்னார். மத்தியான இடைவேளை முடியுமட்டும் எழுதிக்கொண்டேன்.

புறக்கோட்டையில் குறுக்குத் தெரு ஒன்றில் இருந்த இரும்புக்கடையில் எட்டுக் குக்ரிகள் வரிசையாக ஆணியில் தொங்கின. மலிவோ மலிவு.

"கூர்க்காப் பட்டாளம் பாவிக்கிறது ஸேர்," என்றார் முதலாளி. "ஒரே வெட்டுல எருமத் தல விழும்."

"கத்தியின்ர இரும்பு கைப்பிடிக்குள்ள எவ்வளவு தூரம் போகுது?" என்று கேட்டேன். மேசைக்காரரின் முதல் கேள்வி அது. இரும்பு கைப்பிடியின் கடைசிவரை போனால்தான் கத்தி நிற்கும்.

"இது எங்க வேணுமெண்டாலும் போகும் ஸேர். கண்டி, நுவரெலியா, எங்கயும் கொண்டு போறாங்க."

பழுதென்றால் ஏழு நாளைக்குள் கொண்டுவரச் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டேன். அன்று கொட்டுகிற மழை. சோதனைச் சாவடிகளில் இருந்தவர்கள் நனைய விரும்பவில்லை. கத்தி யாருக்கும் தெரியாமல் வீடு வந்து சேர்ந்தது.

சோதனைகளை ஒழுங்காக நடத்தினேன். கத்தியின் முதுகு கைப்பிடிக்குப் பக்கத்தில் கால் அங்குலம் தடிப்பாக இருக்க வேண்டும். அதில் பாதிதான் இருந்தது. கைப்பிடிக்கும் இரும்புக்கும் நடுவே பஸ் ரிக்கற் பாதிவரை நுழைந்தது. நல்ல உருக்கைக் கரண்டியால் தட்டினால் மணி போலச் சத்தம் வரும் என்றிருந்தார் மேசைக்காரர். இது மரப்பெட்டியைத் தட்டிய சத்தம் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை கோழி எலும்பில் பார்த்தேன், எலும்பு பிழைத்தது. பிறகு மரத்துக்குப் போனேன். வெட்ட வேண்டியவற்றுக்கு இலக்கு ஒன்று, இலக்கு இரண்டு, இலக்கு மூன்று என்று இலக்கமிட்டேன். மூன்றாவதுதான் கூரைக் கிளை. அதில் பதினோராவது வெட்டில் கத்தியின் வாய் தகரப்பேணி மூடி போல மடிந்தது. பன்னிரண்டாவதில் கைப்பிடிக்குள் இரும்பு அரைவட்டம் சுழன்று, கூரான பக்கம் என்னைப் பார்த்தது. கூர் இருந்திருந்தால் பயந்திருப்பேன்.

ஏழாம் நாள் காலை கத்தியைப் பத்திரிகைத் தாளில் சுற்றிப் பையில் வைத்தேன். சாட்சியாகக் கொப்பியும் பைக்குள் போனது.

"என்னப்பா, உதைக் கொண்டு பஸ்ஸில போகப் போறியளோ?" என்று மனைவி கேட்டாள்.

"இண்டைக்கு ஏழாம் நாள்."

"ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, பிடிச்சால் என்ன சொல்லுவியள்?"

"உண்மையைத்தான்."

"அதுதான் எனக்குப் பயம்," என்றாள்.

போகும்போது பஸ்ஸை ஒருவரும் மறிக்கவில்லை. புறக்கோட்டையில் இறங்கி, கடைத்தெருவுக்குள் திரும்பும் முனையில் மணல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் வரிசையில் நிறுத்தினார்கள். வயிறு பெருத்த ஒரு சார்ஜன்ட், துவக்கோடு ஒரு கொன்ஸ்டபிள். சார்ஜன்ட் என் அடையாள அட்டையைப் பார்த்தார். பிறந்த இடம் யாழ்ப்பாணம். பையைத் திறந்தார். தாளைப் பிரித்தார். கொன்ஸ்டபிள் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"என்ன இது?" என்று சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார்.

என் சிங்களம் அரசகரும மொழிப் பரீட்சைக்குப் படித்த சிங்களம். நான் வாய் திறந்தால் சுற்றறிக்கை வாசிப்பது போலிருக்கும். "மேற்படி பொருள் ஒரு கத்தி. அதை விற்பனையாளரிடம் மீள ஒப்படைக்கும் நோக்கத்தோடு வந்திருக்கிறேன்," என்றேன்.

"ஏன்?"

"அது வெட்டாது."

"கத்தியோட பிடிபடுற எல்லாரும் அதைத்தான் சொல்றது."

"என்னிடம் எழுத்துமூல ஆதாரம் உண்டு," என்று கொப்பியை நீட்டினேன். அன்று நான் செய்த பிழைகளில் பெரியது அதுதான்.

அவர் பக்கங்களைப் புரட்டினார். தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் நான் வரைந்திருந்த படங்கள் தெரிந்தன. கத்தியின் நீள அகலம், வெட்டு விழ வேண்டிய கோணம், அம்புக்குறிகள், ஒன்று இரண்டு மூன்று என்று இலக்கங்கள். அவர் முகம் மாறியது.

"நானே வாசித்துச் சொல்கிறேன்," என்றேன்.

"நீ வாசிச்சால் உனக்குப் பிடிச்சதைத்தான் வாசிப்பாய். கடைக்காரனுக்குத் தமிழ் தெரியுமா?"

"தெரியும்."

"சரி. அவன் உன்னை அடையாளம் சொல்லி, இதிலே பிழை ஒன்றும் இல்லையென்று வாசிச்சால் நீ போகலாம். இல்லையென்றால் ஸ்டேஷன்."

அந்த ஆண்டுகளில் எங்களில் ஒருவர் ஸ்டேஷனுக்குப் போனால் பின்னேரமே திரும்பலாம். மாதக்கணக்கிலும் திரும்பாமல் இருக்கலாம். எது நடக்கும் என்று கூட்டிச் செல்பவருக்கும் தெரியாது. கடைத்தெரு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு காக்கிச் சட்டைகளுக்கு நடுவே நடந்தேன். கொப்பியில் என்ன எழுதியிருந்தேன் என்பது வரிவரியாக நினைவுக்கு வரத் தொடங்கியது. முக்கியமாக, கடைக்காரரைப் பற்றி எழுதியது.

முதலாளி எங்கள் மூவரையும் கண்டதும் எழுந்து நின்றார்.

"இந்த ஆளைத் தெரியுமா?" என்று சார்ஜன்ட் கேட்டார்.

"என்ட வாழ்க்கையில கண்டதில்ல," என்றார் முதலாளி நல்ல சிங்களத்தில்.

சார்ஜன்ட் சுவரைப் பார்த்தார். ஏழு குக்ரிகள் தொங்கின. எட்டாவது ஆணி வெறுமையாக இருந்தது. பையிலிருந்த கத்தியை எடுத்து அந்த ஆணியில் மாட்டினார். வரிசை நிறைந்தது.

முதலாளி மேசையில் தடவிக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "ஆ, இந்த ஸேரா. கண்ணாடி போடாம ஆளத் தெரியல்ல. போன கிழம வந்தாரு. நல்ல மனுஷன். நெறயக் கேள்வி கேக்கிறது."

சார்ஜன்ட் கொப்பியைக் கொடுத்து முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார். பத்தொன்பதாம் பக்கத்தில் கடை விலாசத்துக்கு அடுத்த வரி இது: விற்பனையாளர் அதிகம் கதைக்கிறார்; கேட்டதற்கு விடை இல்லை. முதலாளி அதைத் தமிழில் மனத்துக்குள் ஒருமுறை வாசித்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னார்: "கடைக்காரர் நன்றாக விளங்கப்படுத்துகிறார்."

"அப்படி இல்லை," என்றேன். இருபத்திரண்டு வருடம் கோப்புகளில் பிழை திருத்திய வாய். என்னிடம் அது அனுமதி கேட்கவில்லை.

"என்ன பிழை?" என்றார் சார்ஜன்ட்.

"அதிகம் கதைக்கிறார் என்றுதான் எழுதப்பட்டுள்ளது. விடை இல்லை என்றும் உள்ளது."

முதலாளி கொப்பியிலிருந்து கண்ணை எடுக்காமல், வாசிக்கிற அதே குரலில், தமிழில் சொன்னார்: "ஸேர், ஒங்கள வெளிய எடுக்கத்தான் பாக்கிறேன். கொஞ்சம் வாயப் பொத்திட்டு இரிங்க."

சார்ஜன்ட் சிரித்தார். "தன்னைக் காப்பாற்றப் போறவனையே குறை சொல்றான். இவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. வாசி முதலாளி."

கத்தியின் முதுகு, கைப்பிடி, பஸ் ரிக்கற், கரண்டி, கோழி எலும்பு எல்லாம் ஒழுங்காக வந்தன. ஒவ்வொன்று முடிந்ததும் சார்ஜன்ட் "சரியா?" என்று என்னைக் கேட்டார். நான் "சரி" என்றேன். ஓரிடத்தில் எட்டில் ஒன்றை ஆறில் ஒன்று என்று வாசித்தார், அதையும் திருத்தினேன். சார்ஜன்ட் தலையசைத்தார்.

பிறகு முதலாளி நிறுத்தினார்.

எந்த வரி என்று எனக்குத் தெரியும். இலக்கு மூன்று. பெரியது. பக்கத்து வீட்டார் வெளியே போன பின்னரே செய்ய வேண்டும். சத்தமில்லாமல் முடிப்பது நல்லது. இருட்டுமுன் உடல் பகுதியை அப்புறப்படுத்தவும்.

கண்ணாடிக்கு மேலால் முதலாளி என்னைப் பார்த்தார். எருமைத் தலை பற்றிச் சொன்ன மனிதர் கொப்பியை முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டார். பிறகு சிங்களத்தில், ஒரு தடங்கலும் இல்லாமல் வாசித்தார்:

"ஈரப்பலா மரத்துப் பெரிய கிளை. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை தூங்குகிறது. எழும்பிவிடாமல் மெதுவாக வெட்ட வேண்டும். வெட்டிய கிளையை இருட்டுமுன் எடுத்துப் போட வேண்டும்."

எங்கள் பக்கத்து வீட்டில் கைக்குழந்தை கிடையாது. அங்கே இருந்தவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். எழுபது வயது. சத்தம் கேட்டால் மதிலுக்கு மேலால் தலையை நீட்டி விசாரணை வைப்பார். அதற்குப் பயந்துதான் அப்படி எழுதினேன். ஆனால் ஈரப்பலா என்ற சொல் அந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லை. அது அவருக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் யோசித்தேன். கத்தி வாங்கிய அன்று நான்தான் மரத்தைப் பற்றிக் கால் மணி நேரம் அவருக்குச் சொல்லியிருக்கிறேன். அதிகம் கதைத்தது அவர் மட்டும் இல்லை.

"சரியா?" என்று சார்ஜன்ட் கேட்டார்.

கொன்ஸ்டபிளும் என்னைப் பார்த்தார். சொல்லில் அல்ல, எண்ணில் அல்ல, முழு வாக்கியத்தில் பிழை. வாயில் திருத்தம் வந்து நின்றது. கடை வாசலில் மூட்டை சுமக்கும் நாட்டாமி ஒருவன் வழி கேட்டுக் கத்தினான். அவன் போகும்வரை காத்திருந்தேன்.

"சரி," என்றேன்.

"ஆறில் ஒன்றைக்கூட விட்டவனில்லை இவன்," என்று சார்ஜன்ட் கொன்ஸ்டபிளிடம் சொன்னார். "பிழையென்றால் சொல்லியிருப்பான். முடிவு என்ன எழுதியிருக்கிறது?"

கடையில் அப்போது இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றார்கள். ஒருவர் கையில் ஆணியிலிருந்து கழற்றிய குக்ரி. முதலாளி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வாசித்தார். இந்த முறை மெதுவாகவும் தெளிவாகவும், தெருவுக்கே கேட்கும்படியாகவும்:

"முடிவு. இந்தக் கத்தி எதையும் வெட்டாது. விற்றவருக்கும் அது தெரியும்."

நான் எழுதியிருந்தது, விற்றவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் என்று. அதையும் நான் திருத்தவில்லை. வாடிக்கையாளர் குக்ரியை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

சார்ஜன்ட் என் கத்தியைக் கழற்றி, முதுகைத் தடவி, தேங்காயைச் சுண்டுவது போல நகத்தால் சுண்டிக் காதோடு வைத்துக் கேட்டார். ஒரு தும்புக்கயிற்றை இழுத்துப் பிடித்து அறுத்துப் பார்த்தார். தும்பு பறந்ததே தவிரக் கயிறு அறவில்லை.

"எங்கட ஊரில் வாழைமட்டை இதைவிடக் கூர்," என்றார். கொப்பியின் அதே பக்கத்தில் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்: இந்தக் கத்தி என்னால் சோதிக்கப்பட்டது, வெட்டாது, கொண்டு செல்லலாம்.

"ஸேர், வேற கத்தி மாத்தித் தரவா?" என்று முதலாளி கேட்டார்.

"மாற்றினால் என் கையெழுத்து செல்லாது," என்றார் சார்ஜன்ட். "நான் சோதிச்சது இந்தக் கத்தியை."

அவர் சொன்னது முற்றிலும் சரி. நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

அவர்கள் போனதும் முதலாளி எனக்கு ஒரு பிளேன்ரீ வரவழைத்தார். அவருக்கும் ஒன்று. என் கிளாஸில் சீனியை அவரே போட்டுக் கலக்கினார்.

"கைக்குழந்தையை எங்கயிருந்து எடுத்தீங்கள்?" என்று கேட்டேன்.

"என்ட மகள்ட புள்ள ஸேர். ஊட்டுல இரிக்கி. ராவு முழுக்கத் தூங்க உடுறதில்ல. அதுதான் வாயில வந்தது." கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "ஸேர், இனி இஞ்ச சாமான் வாங்கினா எழுத வேணாம். வாய்ல சொல்லுங்க, மாத்தித் தாறேன்."

திரும்பும் வழியில் மூன்று இடத்தில் பஸ்ஸை மறித்தார்கள். மூன்றிலும் கொப்பியைக் காட்டினேன். மூன்றாவது இடத்தில் இருந்தவர் மற்றவர்களையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார்.

"மாத்தித் தந்தவரோ?" என்று மனைவி வாசலிலேயே கேட்டாள். நடந்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொன்னேன். இலக்கு மூன்று வந்தபோது கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். கைக்குழந்தை வந்தபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நிற்காமல் கண்ணைத் துடைத்தாள், நெடுநேரம் துடைத்தாள்.

அடுத்த நாள் பின்னேரம் தபாலதிபர் மதிலுக்கு மேலால் தலையை நீட்டினார். கையில் எண்ணெய் பூசிய, பல் தீட்டிய ஒரு வாள்.

"போன கிழமை முழுக்க டொக்கு டொக்கெண்டு கேட்டுது," என்றார். "வந்து வாள் கேப்பீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். நீர் ஒண்டும் கேக்கிற ஆளில்லைப் போல."

கிளை பத்து நிமிடத்தில் விழுந்தது. அதைக் கொப்பியில் எழுத முனைந்தபோது, பத்தொன்பதாம் பக்கத்தின் அடியில் சார்ஜன்டின் கையெழுத்து இருந்தது. அதன் கீழே எதையும் சேர்ப்பது முறையல்ல என்று இருபதாம் பக்கத்துக்குத் திருப்பினேன்.

அதற்குப் பிறகு, மத்தியானத்தில் நான் வானொலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் மனைவி குசினியிலிருந்து சொல்லுவாள்:

"குறையுங்கோப்பா. பக்கத்து வீட்டில பிள்ளை நித்திரை."