செவ்வாய்க்கிழமைச் சிவப்பு

அந்தக் கண் மருத்துவமனையில் அவரைச் சர்வரம்மா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். நோயாளிகளின் பதிவும் ஸ்கேன் படங்களும் இருக்கிற சர்வர் கணினியை, மாடிப்படிக்குக் கீழே ஒரு குளிர் அறையில் பதினோரு வருடமாகப் பார்த்துக்கொண்டவர். கல்யாணமான புதிதில், "சர்வர் படுத்துடுச்சு, கிளம்பறேன்" என்று அவர் ஓடுவதைப் பார்த்த மாமியார், "பாவம், அந்தாளுக்கு என்ன வியாதியோ" என்று வருத்தப்பட்டார். ஓட்டலில் பரிமாறுகிற யாரோ என்று நினைத்திருக்கிறார். விளக்கிச் சொன்ன பிறகும் அந்த வருத்தம் போகவில்லை.

சர்வர் படுத்தால் பதிவு மேசையில் டோக்கனைக் கையால் எழுதவேண்டும். கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சுவர்க்கடிகாரம் தெரியாது. மணி என்ன, மணி என்ன என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

வருடக் கடைசியில் மேலாளர் கூப்பிட்டனுப்பினார்.

"சர்வர் பாதி நாள் ஓடறதே இல்லன்னு சொல்றாங்க. வேலைய வெளியாள்கிட்ட குடுத்துடலாமான்னு யோசிக்கிறோம். அடுத்த கூட்டத்துல ஒரு வருஷ நிலவரத்தக் காட்டுங்க."

'பாதி நாள்' என்றது சுருக்கென்று தைத்தது. அவரிடம் கணக்கு இருந்தது. ஒரு சின்ன கணினி நிரல் நிமிடத்துக்கு ஒரு தடவை சர்வரை "இருக்கியா" என்று கேட்டுப் பதிலைக் குறித்துவைக்கும். வருடத்துக்கு ஐந்தேகால் லட்சம் வரிகள். அதை யாரும் படிக்க மாட்டார்கள், படமாகப் போட்டால் பார்ப்பார்கள் என்று ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் வரைபடம் போடக் கற்றுக்கொண்டார்.

முதலில் எல்லா வரிகளையும் அப்படியே புள்ளிகளாகப் போட்டார். பிரவுசர் மூச்சு முட்டி நின்றுவிட்டது. அடுத்து, சர்வர் படுத்த நேரத்தை மாதத்துக்கு ஒரு தூணாகப் போட்டார். ஒன்று மட்டும் குட்டையாக இருந்தது, ஏன் என்று தெரியவில்லை. மூன்றாவதாக வாரத்துக்கு ஒரு வரிசை, மணிக்கு ஒரு கட்டம். ஓடினால் பச்சை, படுத்தால் சிவப்பு.

திரை பூராவும் பச்சை. நடுவில் உச்சியிலிருந்து அடிவரை ஒரே ஒரு சிவப்புக் கோடு. செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. மே மாதத்தில் மட்டும் மூன்று வாரம் கோடு அறுந்திருந்தது.

அந்த நேரத்தில் சர்வரிடம் யார் என்ன கேட்டார்கள் என்று தேடினார். வாரக் கூட்டத்துக்காக மேலாளர், திறப்பு விழா நாள் முதல் இன்றுவரை வந்த நோயாளிகள் அத்தனை பேரின் அறிக்கையையும் திறக்கிறார். மே மாதம் மூன்று வாரம் அவர் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்.

பஸ் ஓட்டுகிற கணவரிடம் சாப்பிடும்போது சொன்னார்.

"நீங்கதான் காரணம்னு அவர் மூஞ்சிக்கு நேரா சொல்லப்போறியா?"

"சொல்ல மாட்டேன். படத்தக் காட்டுவேன்."

"கேட்டா?"

"கேட்டா சொல்லித்தான ஆகணும்."

"அப்ப வேற வேலையும் பாத்து வச்சுக்க" என்று அவர் தட்டைக் கழுவப் போனார்.

செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் மேலாளர் வழக்கம்போல முதலில் மொத்த அறிக்கையைத் திறந்தார். சர்வர் படுத்தது. சர்வரம்மாவின் படம் அவருடைய மடிக்கணினியிலேயே இருந்ததால் பிழைத்தது.

மேலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நடுவுல மூணு வாரம் பச்சையா இருக்கே. அப்ப என்ன பண்ணீங்களோ, அதையே வருஷம் பூரா பண்ணுங்க."

"அப்ப நீங்க லீவுல இருந்தீங்க, சார்."

ஒரு டாக்டர் தண்ணீர் பாட்டிலைத் திருகித் திறந்து, குடிக்காமல் திருகி மூடினார்.

"இந்த அறிக்கையாலயா?"

"ஆமா சார். இருபது வருஷத்து ஆளுங்கள ஒரே நேரத்துல கூப்பிட்டா அதால முடியல. அறிக்கைய ஞாயித்துக்கிழமையே அதுவா எடுத்து வைக்கிற மாதிரி பண்ணித் தரேன்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "வெளியாள் விஷயத்த அப்புறம் பாக்கலாம்" என்றார். அப்புறம் அதை யாரும் பார்க்கவில்லை.

அடுத்த செவ்வாய் சர்வர் படுக்கவில்லை. ஸ்கேன் எடுப்பவர் வந்து, "பத்து மணிக்கு நிம்மதியா டீ குடிச்சிட்டிருந்தேன், கெடுத்துட்டீங்களேக்கா" என்றார்.

மேலாளர் படத்தை அச்சிட்டுத் தன் அறையில் மாட்டினார். வருகிறவர்களிடம், "பிரச்சினைய நாங்களே கண்டுபிடிச்சோம்" என்பார். அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நான்கு சிவப்புக் கட்டங்கள் தனியே கிடந்தன. சர்வரம்மா தப்பான வயரைப் பிடுங்கிவிட்டு, நாலு மணி நேரம் காரணம் தேடிய நாள் அது. கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. ஒருநாள் கையெழுத்துக்குப் போனபோது அவராகவே சொன்னார்.

"அந்த நாலு கட்டம் நான் பண்ணது, சார்."

"ஞாயித்துக்கிழமைதான? யாரும் வந்திருக்க மாட்டாங்க."

"மூணு பேர் வந்திருந்தாங்க."

மேலாளர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"உக்காருங்க" என்றார்.

பதினோரு வருடத்தில் அந்த அறையில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.