நடைவேகத்தில் ஒரு இம்பாலா

வெயிலில் சூடேறிய தோல். அதன்மேல் மெழுகு. அதற்கும் அடியில், கிட்டப் போனால் மட்டும் வருகிற பூச்சியுருண்டை வாசம். போன ஞாயிறு பரமட்டாவில் ஒரு பூங்கா நெடுகப் பழைய கார்களை நிறுத்தியிருந்தார்கள். கார்களில் எனக்கு ஒரு நாட்டமும் கிடையாது, நடக்கப் போனவள். திறந்திருந்த ஒரு கறுப்புக் கதவிலிருந்து அந்த வாசம் வந்து என் கையைப் பிடித்து இழுத்தது. ஐம்பது தாண்டியவளை ஒன்பது வயதாக்க ஒரு கதவு போதும்.

இம்பாலா. அறுபத்தைந்தாம் ஆண்டு மாடல். சொந்தக்கார இளைஞன் தன் பிள்ளையின் பள்ளிக்கூடச் சாதனைகளைச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தான். அமெரிக்கக் கார்தான், ஆனால் கனடாவிலிருந்து பாகம் பாகமாய்ப் பெட்டிகளில் கப்பலேறி வந்து, ஸ்டியரிங்கை வலப்பக்கம் வைத்து இந்த நாட்டில் பூட்டியது. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே தூண் கிடையாது. கண்ணாடிகளை இறக்கினால் ஒரு பக்கம் முழுக்கக் காற்றுதான். எஞ்சின் அறையில் ஆணியடித்த இலக்கத் தகடு அப்படியே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, பெயின்ற் முதல் பெயின்ற். திரும்ப அடித்திருந்தால் அழகு கூடியிருக்கும், விலை இறங்கியிருக்கும். இப்போது இதை விற்றால் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டலாம்.

எப்படி இவ்வளவு நல்லாய்த் தப்பியது என்று யாரோ கேட்டார்கள். அவன் பெருமையாகச் சிரித்தான். இது ஈமச்சடங்கு நடத்துகிற ஒரு நிறுவனத்தின் கார். சவ வண்டிக்குப் பின்னால் செத்தவரின் வீட்டாரை ஏற்றிக்கொண்டு போனது. தினமும் கழுவி, கூரைக்குக் கீழே நிறுத்தி, வேலை நாளெல்லாம் மெதுவாகவே ஓட்டிய கார்.

பிறகு முன்சீட்டுக்கு எதிரே சாமான் வைக்கிற முன்பெட்டியின் மூடியைத் திறந்து, உட்புறத்தில் விரல்நுனி அளவில் இருந்த ஒரு சிவப்புக் கறையைக் காட்டினான். எந்தப் பெண்ணின் லிப்ஸ்டிக்கோ, போகவே மாட்டேனென்கிறது என்றான்.

லிப்ஸ்டிக் இல்லை. குங்குமம். விரல் என்னுடையது.

அம்மாவின் தம்பி, என் மாமா, எழுபதுகளின் கடைசியில், பரமட்டாவுக்குப் பக்கத்து வெஸ்ட்மீட்டில் எங்கள் வீட்டின் பின்னறையில் இருந்தார். ரயில்வேயில் வேலை. பெற்றோல் விலை ஏறி, பெரிய கார்களை யாரும் சீண்டாமல் விட்டிருந்த காலம் அது. ஒரு சனிக்கிழமை அவர் இந்த இம்பாலாவை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். அடுத்த கணம் எங்கள் வீடு அந்தக் காரின் கொட்டகைபோல் ஆகிவிட்டது.

“தம்பி, உது காரோ கப்பலோ?” என்றார் அம்மா.

“கப்பல் இவ்வளவு பெற்றோல் குடியாது அக்கா.”

நான் பின்சீட்டில் நீட்டி நிமிர்ந்து படுத்துப் பார்த்தேன். கால் கதவில் முட்டவில்லை. இறங்கி வந்து குனிந்தால் காரின் கறுப்பில் என் முகம் தெரிந்தது. முகத்துக்குப் பின்னால் வானம், வானத்தில் ஒரு முகில், அதுவும் மெதுவாக. பின்னேரத்தில் மாமா பிறேக்கை மிதித்தால் பக்கத்துக்கு மூன்றாய் ஆறு பின்விளக்குகளின் சிவப்பு வட்டங்கள் வேலியில் விழும். ஒரே வேலியில் ஆறு சூரியன்கள் மறைவதை நான் பார்த்திருக்கிறேன். உலகத்தில் வேறு யார் பார்த்திருப்பார்கள்?

முன்பெட்டிக்குள் வெள்ளைக் கைக்குட்டைகள் இருந்தன. ஒரு கட்டு. இஸ்திரி போட்டு, மூலை மூலையோடு பொருந்த மடித்தவை. ஏன் இவ்வளவு லேஞ்சி என்று கேட்டேன். மாமாவின் முகம் மாறியது. கட்டைத் திரும்ப உள்ளே வைத்து மூடினார்.

“ஆருக்கும் சொல்லிப்போடாதை பிள்ளை. அப்பாவுக்கு ஒருக்காலும் வேண்டாம்.”

“சொன்னால் பிள்ளையார் கோவிப்பாரோ?”

“பிள்ளையார் கோவியார். உன்ரை அப்பாதான் கோவிப்பார்.”

கைக்குட்டை ரகசியம் என்பது விளங்கியது. ரகசியம் என்ன என்பது விளங்கவில்லை.

அப்பா பூசைக் குழுவின் செயலாளர். அப்போது எங்களுக்குக் கோயில் இல்லை. ஒரு பள்ளிக்கூட மண்டபம், ஞாயிறு காலை மட்டும். ஊரிலிருந்து அம்மாவின் சேலைக்குள் சுற்றிப் பெட்டியில் வந்த, முழ உயரப் பிள்ளையார். அந்த வருடம் சதுர்த்திக்கு முதல்முறையாகச் சுவாமியைத் தெருவுக்குக் கொண்டுவருவது என்று தீர்மானித்தார்கள். தேர் இல்லை. யாரோ ட்ரெய்லர் தருகிறேன் என்றதற்கு, சுவாமி என்ன குப்பையா என்று அப்பா சீறினார். மாமா வாய் தவறிச் சொன்னாரோ, ஆசையில் சொன்னாரோ, “என்ரை கார் இருக்குத்தானே அத்தான்.”

மாமாவை ஒருநாளும் மெச்சாத அப்பா, காரை இரண்டு தரம் சுற்றி வந்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “இது தேர்தான்” என்றார்.

அதற்குப் பிறகு மாமா எப்படி வாயைத் திறப்பார்? சாவீட்டுக் கார் என்று தெரிந்தால் துடக்கென்று அப்பா சுவாமியை வெளியே எடுக்கவே விடமாட்டார். பிள்ளைகள் முதல்முதலாகக் காணப்போகிற ஊர்வலம் நின்றுபோகும். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை அத்தானிடம் வாங்கிய பாராட்டும் போகும். மாமா அந்தக் கிழமை முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. காய்ச்சலோ என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

சதுர்த்தியன்று காலை. கூரையில் கம்பளி, கம்பளியில் பலகை, பலகையில் பிள்ளையார், கிழக்கைப் பார்த்து. ஆணி அடிக்க மாமா விடவில்லை. நான்கு கண்ணாடிகளையும் இறக்கி, தூணில்லாத அந்த வெளிவழியே வேட்டியை நுழைத்து, கூரையோடு சேர்த்துப் பலகையைக் கட்டினார்கள். அதற்காகவே செய்ததுபோல் இருந்தது கார். தெரு மரத்தில் பூத்த வாட்டில் பூ முன்கண்ணாடி விளிம்பெல்லாம் மஞ்சளாய்த் தொங்கியது. நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம். ஸ்டியரிங்கில் மாமா, பக்கத்தில் நான், மடியில் நாதஸ்வரம் பாடுகிற கசெற் பெட்டி, விரலில் அப்பா தந்த குங்குமம்.

தேங்காய் உடைந்தது. கார் பாய்ந்தது.

பாய்ந்த வேகத்திலேயே நின்றது. மேலே பலகை கிறீச்சிட்டது. சனம் “ஐயோ” என்றது. மறுபடி ஒரு பாய்ச்சல், மறுபடி ஒரு குலுக்கல்.

“என்னப்பா செய்யிறாய்? சுவாமி சரியிறார்!”

“பிறேக்கைத் தொட்டாலே நிக்குது அத்தான்!”

“இன்னொருக்கா குலுங்கினால் இறக்கிப்போடுவன். உன்ரை காரும் வேண்டாம், ஊர்வலமும் வேண்டாம்.”

மாமா பிறேக்கிலிருந்து காலை எடுக்காமல் இருந்தார்.

அப்போதுதான் நடைபாதையிலிருந்து அந்த மனிதர் இறங்கி வந்தார். வெள்ளைக்காரர், எழுபது வயதிருக்கும். கறுப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி, கண்ணாடிபோல் மின்னும் சப்பாத்து. காரை மாமாவுக்கு விற்றவர். அதே காரைப் பல வருடம் ஓட்டியவர். நிறுவனம் அவருக்கு விடைகொடுத்தபோது காரையும் கொடுத்ததாம். ஊர்வலத்தில் போகப்போகிறது என்று மாமா அவருக்குச் சொல்லியிருக்கிறார். பார்க்க வந்திருக்கிறார், தன் பழைய உடுப்பில், முறைப்படி.

அப்பா கறுப்புக் கோட்டைப் பார்த்து முகம் சுளித்தார். வந்தவர் அதைக் கவனிக்கவில்லை. கதவருகே குனிந்து, “நான் ஓட்டட்டுமா?” என்று மாமாவிடம் கேட்டார்.

“சப்பாத்தைக் கழற்றச் சொல்லு” என்றார் அப்பா.

அவர் கழற்றினார். காலுறையையும் கழற்றி, மடித்து, சப்பாத்துக்குள் வைத்தார். தொப்பியை அம்மாவின் கையில் கொடுத்தார். மாமா இறங்க, அவர் ஏறினார். வெயிலே படாத வெள்ளைக் கால்கள். வலக்காலின் பெருவிரலை மட்டும் பிறேக்கில் வைத்து, “இவளை மிதிக்கக்கூடாது. இவள் தானாக நடப்பாள்” என்று என்னிடம் சொன்னார்.

நடந்தாள்.

எப்படிச் சொல்வேன் அதை. எஞ்சின் சத்தம் நாதஸ்வரத்துக்குச் சுருதியாய்க் கீழே போயிற்று. சக்கரம் உருள்வது தெரியவில்லை, வீடுகள்தான் பின்னால் நகர்ந்தன. நிழலில் பார்த்தேன்: தெருவில் ஒரு பெரிய கறுப்பு நிழல், அதன்மேல் குட்டித் தும்பிக்கை நிழல், அசைவேயில்லாமல், தண்ணீரில் மிதப்பதுபோல். கைக்குழந்தைகூட அழவில்லை. வேலிகளில் சாய்ந்து நின்ற வெள்ளைக்காரர்கள் நிமிர்ந்து நின்றார்கள். ஒரு முதியவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார். கார் யாரைச் சுமந்து போகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். இன்றைக்கு யாரைச் சுமந்து போகிறது என்று தெரிந்திருக்காது.

அப்பா மாமாவிடம் சொன்னது கேட்டது. “பார் அந்த மனுசன் கொண்டுபோற விதத்தை. இந்தப் பக்தி எங்களில ஒருத்தனுக்கு இருக்கோ?”

“ஓம் அத்தான்” என்றார் மாமா, நிலத்தைப் பார்த்து.

மண்டபத்துக்குத் திரும்பினோம். அப்பா தன் கையாலேயே கிழவரின் நெற்றியில் திருநீறு பூசினார். அம்மா கடதாசியில் மோதகம் சுற்றிக் கொடுத்தார். அவர் காலுறையைப் போடக் குனிந்தார், குனிந்தபடியே இருந்தார். கண் நனைந்திருந்தது. திருநீறு விழுந்துவிட்டதாக்கும் என்று நினைத்து, நான் முன்பெட்டியைத் திறந்து ஒரு கைக்குட்டையை எடுத்து நீட்டினேன். கிழவர் அதை விரித்தார். மடிப்பை அடையாளம் கண்டார். அவர் கையே மடித்த மடிப்பு. மாமாவைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், கண்ணைத் துடைத்து அதைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பிறகு தொப்பியை வாங்கிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி, போகுமுன் ஒன்று சொன்னார். இப்பேர்ப்பட்ட காரில் ஏறியவர்கள் சந்தோஷமாக அல்லாமல் வேறெப்படி இருந்திருப்பார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காமலே தலையாட்டினேன்.

“இத்தனை வருடத்தில், சிரிக்கிற ஆட்களோடு இவள் தெருவுக்கு வந்தது இன்றைக்குத்தான்.”